தனித்து நின்ற இதழாளர்

செய்தி எழுதுவோர் எல்லாரும் ஒரே வகையினர் அல்லர். ஒரு பத்திரிகையின் அலுவலகத்தில் மேசையும் நாற்காலியும் பெற்று, மாதந்தோறும் ஊதியம் வாங்கி, ஆசிரியர் இட்ட பணியை முடித்துத் தருபவர் ஒரு வகையினர். எந்தப் பத்திரிகைக்கும் ஆட்படாமல், தாமே பொருளைத் தேடி, தாமே எழுதி, ஏற்றுக்கொள்ளும் இதழுக்கு அதனை அளித்து, அதற்குரிய விலையை மட்டும் பெற்று வாழ்பவர் மற்றொரு வகையினர். முன்னவர் பண்ணையில் வேலை செய்யும் உழவரை ஒப்பர். பின்னவர் தம் சிறு காணியைத் தாமே உழுது, மழையையும் சந்தையையும் நம்பியிருக்கும் குடியானவரை ஒப்பர். இவரைத் தனித்தியங்கும் இதழாளர் என்று வழங்கலாம்.

இவருள்ளும் தொழில்நுட்பச் செய்திகளை எழுதுவோரின் பணி கடினமானது. இன்று வங்கிக் கணக்கு, மருத்துவமனைக் குறிப்பு, மின்சாரம், புகைவண்டிப் பயணச்சீட்டு ஆகிய யாவும் கணினியின் வழியே நடைபெறுகின்றன. அக்கணினிகளை ஆக்குவோர் பேசும் மொழி பொதுமக்களுக்கு விளங்குவதில்லை. பொதுமக்களின் அச்சம் ஆக்குவோருக்குப் புலப்படுவதில்லை. இவ்விரு கூட்டத்தாருக்கும் இடையே நின்று, ஒருவர் கூறுவதை மற்றவர் உணருமாறு எடுத்துரைப்பவரே தொழில்நுட்ப இதழாளர்.

அவருடைய கிழமை எவ்வாறு கழிகிறது? எழுதுகோலைக் கையில் எடுக்கும் நேரம் அதில் மிகக் குறைவு. படிப்பதும், மடல் விடுப்பதும், தொலைபேசியில் உசாவுவதும், வராத விடைக்குக் காத்திருப்பதுமே பெரும்பகுதி. தம் மனத்தில் தோன்றிய ஒரு கட்டுரைப் பொருளை நான்கைந்து வரிகளில் சுருக்கி இதழாசிரியர்க்கு எழுதுகிறார். பத்துக் கருத்துகளை அனுப்பினால் இரண்டு மூன்று ஏற்கப்படலாம். ஏற்கப்பட்டதற்குச் சொல்லுக்கு இவ்வளவு என்றோ, கட்டுரைக்கு இவ்வளவு என்றோ விலை பேசப்படும். கட்டுரை வெளிவந்து பல வாரங்கள் சென்ற பின்னரே பணம் கைக்கு வரும். ஏற்றுக்கொண்ட கட்டுரையை ஆசிரியர் வெளியிடாது விட்டால், பேசிய தொகையில் ஒரு பகுதி மட்டும் கிடைப்பதும் உண்டு. நோயுற்ற நாளுக்கு ஊதியம் இல்லை. முதுமைக்கு ஓய்வூதியமும் இல்லை.

அக்கிழமையில் சில நாள்களுக்குத் தனித் தன்மை உண்டு. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2003-ஆம் ஆண்டு அக்டோபர் தொடங்கி, ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமையன்று தன் மென்பொருள்களின் குறைகளுக்கு உரிய திருத்தங்களை ஒருசேர வெளியிட்டு வருகிறது. நாள் முன்னரே தெரிந்திருப்பதால் அலுவலகங்களில் கணினிகளைப் பேணுவோர் ஆயத்தமாக இருக்க முடிகிறது. ஆனால் ஓட்டை எங்கே இருந்தது என்பதை அடைத்த இடமே காட்டிக் கொடுத்துவிடுமன்றோ? திருத்தம் வெளிவந்தவுடன் கள்வர் அதனைப் பிரித்து ஆராய்ந்து, இன்னும் திருத்திக்கொள்ளாதவர் வீட்டிற் புக முயல்வர். ஆகவே, வெளிவந்த பல திருத்தங்களுள் எவை உடனே செய்துகொள்ள வேண்டியவை என்பதை அன்று மாலைக்குள் எளிய சொற்களால் எடுத்துரைக்கும் கடமை இவ்விதழாளர்க்கு உண்டு. வெள்ளிக்கிழமை மாலையும் அவர் ஓய்வு கொள்ளுதல் அரிது. தமக்கு இழுக்குத் தரும் செய்தியை நிறுவனங்கள் மக்கள் கவனம் குறைந்திருக்கும் அந்நேரம் பார்த்து வெளியிடுவது வழக்கம். புதிய கருவிகளை ஆராய்ந்து எழுதுமாறு இலவசமாக அனுப்பி வைக்கும் நிறுவனங்களும் பல. அவற்றைத் திருப்பி அனுப்பிவிட்டு எழுதுபவரின் எழுத்தையே நம்பலாம்.

இத்தொழிலின் இயல்பை நன்கு விளக்கும் வாழ்க்கை, அமெரிக்க நாட்டவராகிய பிரையன் கிரெப்ஸ் என்பாருடையது. அவர் கணினியியல் கற்றவர் அல்லர். கல்லூரியில் பன்னாட்டு அரசியலைப் பயின்றவர். 1995-ஆம் ஆண்டில் வாஷிங்டன் போஸ்ட் என்னும் பெரும் பத்திரிகையில் சிறு பணியில் அமர்ந்து, பின்னர் செய்தியாளரானார். 2001-ஆம் ஆண்டில் அவர் வீட்டில் வைத்திருந்த பழைய கணினி ஒன்றில், இணையத்தின் வழியே பரவிய தீய நிரல் ஒன்று புகுந்து, உரியவரையே வெளியே நிறுத்திப் பூட்டிவிட்டது. வேறொருவராயின் சினந்து அக்கணினியைத் தூக்கி எறிந்திருப்பர். அவரோ, இது எவ்வாறு நேர்ந்தது என்று கேட்கத் தொடங்கினார். அன்று எழுந்த வினா அவர் வாழ்நாள் தொழிலாயிற்று. இணையக் கள்வர் பலர் உருசிய மொழியில் உரையாடுவதை அறிந்து, அம்மொழியையும் தாமே முயன்று கற்றார். 2009-ஆம் ஆண்டின் இறுதியில் பத்திரிகையை விட்டு நீங்கி, தமக்கென ஓர் இணையதளம் அமைத்துத் தனித்து எழுதத் தலைப்பட்டார். விளம்பரங்களாலும் மேடைச் சொற்பொழிவுகளாலும் வரும் பொருளே அவருக்கு ஊதியமாயிற்று.

2013-ஆம் ஆண்டு டிசம்பரில் அவர் வெளியிட்ட செய்தி அமெரிக்க நாட்டையே அதிரச் செய்தது. டார்கெட் என்பது அந்நாடெங்கும் கிளைகளையுடைய பெருங்கடை நிறுவனம். கிறித்துமசு விழாவை ஒட்டி அக்கடைகளில் மக்கள் வெள்ளம் போற் கூடுவர். கடன் அட்டையைக் கருவியில் தேய்த்துப் பொருள் வாங்குவர். அக்கருவிகளுக்குள் தீய நிரலைப் புகுத்திய கள்வர், தேய்க்கப்பட்ட ஒவ்வோர் அட்டையின் எண்ணையும் களவாடினர். களவாடியவற்றை இணையத்தில் மறைவாகக் கடை விரித்து, அட்டை ஒன்று 20 டாலர் முதல் 100 டாலருக்கு மேலும் விலை கூறி விற்றனர்.

களவு நிகழ்ந்த இடம் எது என்பதை எங்ஙனம் துணிவது? ஓர் ஊரில் பலர் ஒரே நாளில் வயிற்றுநோய்க்கு ஆளானால், மருத்துவர் ஒவ்வொருவரையும் அழைத்து, "நேற்று எங்கே உண்டீர்?" என்று கேட்பார். எல்லார் விடையிலும் ஒரே விருந்து வீடு காணப்படின் நோயின் மூலம் அதுவே. வங்கியினரும் இம்முறையையே கையாளுகின்றனர். சிறு வங்கி ஒன்று, தான் வழங்கிய அட்டைகளுள் ஏறத்தாழ 20-ஐக் கள்வர் கடையிலிருந்தே விலை கொடுத்து மீட்டது. தன் பொருளைத் தானே விலைக்கு வாங்க நேர்ந்த நிலையை என்னென்பது! அவ்வட்டைகள் அண்மையில் எங்கெங்கே பயன்பட்டன என்று ஒப்பிட்டுப் பார்த்தபோது, எல்லாவற்றிற்கும் பொதுவாக நின்றது டார்கெட் கடையே.

கிரெப்ஸ் தமக்குக் கிடைத்த செய்தியை ஒருவர் வாய்ச்சொல்லாக மட்டும் கொள்ளவில்லை. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரு பெரிய வங்கி நிறுவனங்களில் உள்ளோரிடம் உசாவினார். கடை நிறுவனத்தாரையும் கேட்டார், விடை வரவில்லை. டிசம்பர் 18-ஆம் நாள் தம் தளத்தில் செய்தியை வெளியிட்டார். மறுநாளே அந்நிறுவனம் அதனை ஒப்புக்கொண்டது. நவம்பர் 27 முதல் டிசம்பர் 15 வரை ஏறத்தாழ 4 கோடி அட்டைகளின் குறிப்புகள் களவு போயிருந்தன. அடுத்த பிப்ரவரியில் அவர் மற்றொரு செய்தியும் வெளியிட்டார். கள்வர் நுழைந்த வாயில், அக்கடைகளுக்குக் குளிர்பதனப் பணி செய்துவந்த சிறிய ஒப்பந்ததாரர் ஒருவரது கடவுச்சொல்லே! கோட்டையின் பெருங்கதவு அடைத்தே இருந்தது. நீர் கொண்டுவருவோர் செல்லும் சிறு கதவு திறந்து கிடந்தது.

இத்தகைய எழுத்துக்குப் பரிசும் உண்டு, பகையும் உண்டு. 2013 மார்ச்சு மாதத்தில் ஒரு நாள் மாலை, விருந்தினரை எதிர்பார்த்து வீட்டைத் தூய்மை செய்துகொண்டிருந்த கிரெப்ஸ் வாயிற்கதவைத் திறந்தார். துப்பாக்கி ஏந்திய காவலர் பலர் சூழ்ந்து நின்று, அவரைக் கைகளை உயர்த்தச் செய்து விலங்கிட்டனர். அவர் பெயரால் யாரோ ஒருவன் காவல் நிலையத்தை அழைத்து, அவ்வீட்டில் கொலை நிகழ்ந்ததாகப் பொய் கூறியிருந்தான். இவ்வாறு நிகழலாம் என்று அவர் சில மாதங்களுக்கு முன்னரே காவலர்க்கு அறிவித்திருந்தமையால் உண்மை விரைவில் விளங்கிற்று. அதே ஆண்டு சூலையில், ஹெராயின் என்னும் போதைப்பொருளை விலைக்கு வாங்கி அவர் வீட்டிற்கு அஞ்சலில் அனுப்பி, உடனே காவலரையும் ஏவிவிடுவதென்று கள்வர் கூட்டத்தான் ஒருவன் சூழ்ச்சி செய்தான். அச்சூழ்ச்சியை அவர்கள் உரையாடிய மறைவிடத்திலேயே கிரெப்ஸ் படித்துக்கொண்டிருந்தார்! பொட்டலம் வருமுன்னரே காவலரிடம் சென்று செய்தி கூறிவிட்டார். சூழ்ச்சி செய்தவன் 2014-இல் இத்தாலியில் பிடிபட்டான். தான் செய்த வேறு களவுகளுக்காக 2017-இல் அமெரிக்க நீதிமன்றத்தில் 41 மாதச் சிறை பெற்றான்.

2016 செப்டம்பரில் வந்த தாக்குதல் வேறு வகையது. அவர் தளத்தின்மேல் விநாடிக்கு 620 கிகாபிட் அளவினதாய்ப் பொய் வேண்டுகோள்கள் வந்து மோதின. ஒரு சிறு கடையின் வாயிலில் பொருள் வாங்கும் எண்ணமே இல்லாத இலட்சம் பேர் வந்து நெருக்கினால், வாங்க வந்தவர் உள்ளே நுழைவது எப்படி? அதுவரை கைம்மாறு கருதாது அவர் தளத்தைக் காத்து வந்த நிறுவனமும் செலவைத் தாங்க இயலாமல் விலகிற்று. சில நாள்கள் தளம் மறைந்தே கிடந்தது. பின்னர் இதழாளர்க்கென்று கூகுள் நிறுவனம் நடத்திவந்த பாதுகாப்பில் இடம் பெற்று மீண்டும் எழுந்தது.

அத்தாக்குதலில் ஈடுபட்ட கருவிகள் யாவை எனின், வீடுகளிலும் கடைகளிலும் பொருத்தப்பட்ட காவல் கேமராக்களும், படப்பதிவுப் பெட்டிகளும், அவை போல்வனவுமே. தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை வாங்கியவர் மாற்றாது விட்டமையால், மிராய் என்னும் தீய நிரல் அறிந்த சில சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தே அவற்றுள் நுழைந்தது. உரியவர் உறங்கிக்கொண்டிருக்க, அவர் வீட்டுக் கேமரா வேறொரு நாட்டில் உள்ளவரைத் தாக்கிற்று. கிரெப்ஸ் பல நூறு மணி நேரம் உழைத்து, அந்நிரலை ஆக்கியவர் யாவர் என்பதை ஆராய்ந்து 2017 சனவரியில் எழுதினார். அவர் சுட்டிய இளைஞரும் கூட்டாளிகளும் அவ்வாண்டு டிசம்பரில் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். மைன்கிராப்ட் என்னும் கணினி விளையாட்டுத் தளங்களை நடத்துவோரிடையே எழுந்த போட்டியே இதற்கு வித்து. இத்தகைய தாக்குதல்களினின்று காப்பதாகக் கூறித் தொழில் நடத்தியவரே அவ்விளைஞர் என்பது வியப்பினும் வியப்பு.

இவ்வளவு விழிப்புடையவரும் ஒருமுறை வழுக்கி வீழ்ந்தார். 2021 மார்ச்சில், வலைப்பின்னற் கருவிகள் செய்யும் நிறுவனம் ஒன்று தனக்கு நேர்ந்த களவை மறைக்கிறது என்று, உள்ளிருந்து ஒருவர் கூறியதை நம்பி அவர் எழுதினார். கூறியவரின் பெயரை வெளியிடவில்லை. அந்நிறுவனத்தின் பங்கு விலை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பகுதி சரிந்தது. அவ்வாண்டு இறுதியில் அரசு வழக்குத் தொடர்ந்தபோது உண்மை வெளிப்பட்டது. செய்தி கூறிய அவ்வூழியனே களவு செய்தவன். களவாடியதைத் திருப்பித் தரப் பெரும்பணம் கேட்டு, அது கிடைக்காத சினத்தால், நேர்மையாளன் வேடம் பூண்டு இதழாளரை அணுகியவனும் அவனே. அவன் பின்னர் ஆறாண்டுச் சிறை பெற்றான். நிறுவனம் 2022-இல் கிரெப்ஸ் மீதும் வழக்கிட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் அவர் தம் கட்டுரைகளைத் தளத்தினின்று நீக்கி, வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார்.

ஒற்றன் ஒருவன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஒத்துப் பார்த்தே கொள்ள வேண்டும் என்று திருவள்ளுவர் ஒற்றாடல் அதிகாரத்தில் அரசர்க்குக் கூறியுள்ளார். டார்கெட் செய்தியில் இரு வேறு வாயில்களைத் தேடிய கிரெப்ஸ், இச்செய்தியில் ஒருவன் சொல்லின்மீது பெரும்பாரத்தை ஏற்றினார். அரசர்க்கு அமைச்சர் உண்டு, பத்திரிகை அலுவலகத்தில் ஆசிரியர் உண்டு, "இது யார் சொன்னது? அவனுக்கு இதனால் என்ன பயன்?" என்று கேட்க அருகில் ஒருவர் இருப்பார். தனித்து நிற்பவர் அவ்வினாவைத் தமக்குத் தாமே விடுத்துக்கொள்ளுதல் வேண்டும். இரவு நெடுநேரம் விழித்து, முதலில் வெளியிட வேண்டும் என்னும் வேட்கை உந்தும்போது அது எளிதன்று.

இத்துறையில் ஈடுபட விரும்புவோர் எவற்றைப் படிக்கலாம்? நாள்தோறும் வரும் செய்திகளை மட்டும் படிப்பவர் நாள்தோறும் புதியராகவே இருப்பர். பழைய செய்திகளும் தெரிந்திருத்தல் நன்று. டாம் ஸ்டாண்டேஜ் 1998-இல் வெளியிட்ட 'விக்டோரியா காலத்து இணையம்' என்னும் பொருள்படும் ஆங்கில நூல், தந்தி தோன்றி வளர்ந்த வரலாற்றைக் கூறுவது. இன்று இணையத்தைப் பற்றிப் பேசப்படும் வியப்பும் அச்சமும் அன்று தந்தியைப் பற்றியும் பேசப்பட்டன என்பதை அதனால் அறியலாம். டிரேசி கிட்டர் 1981-இல் எழுதிய 'புதிய எந்திரத்தின் ஆன்மா' என்னும் நூல் வேறு வகையது. ஒரு புதிய கணினியை ஆக்க முனைந்த இளம் பொறியாளர் குழுவினருடன் பழகி, அவர்தம் போட்டியையும் சோர்வையும் மகிழ்ச்சியையும் அவர் தீட்டியுள்ளார். அவர் கணினி வல்லுநர் அல்லர். கேட்டுக் கேட்டுத் தெளிந்தவர். அந்நூல் 1982-இல் புலிட்சர் பரிசு பெற்றது. பரிசுக்காக அன்றி, அரிய பொருளை எளிதாக எழுதும் முறைக்காகவே அதனைக் கற்க வேண்டும்.

ஆயினும் முதலிற் கையில் எடுக்க வேண்டிய நூல், கிளிபோர்டு ஸ்டால் 1989-இல் வெளியிட்ட 'குயிலின் முட்டை' என்பது. குயில் தானே கூடு கட்டாது பிற பறவையின் கூட்டில் முட்டையிட்டு, அப்பறவை அறியாமலே அதனைப் பொரிக்கச் செய்யும் இயல்பினது என்பதை அனைவரும் அறிவர். கணினிக்குள் புகுந்த கள்வன் தன் நிரலைக் கணினியின் நிரல் போலவே வைத்து, கணினியே அதனை இயக்குமாறு செய்த சூழ்ச்சிக்கு இப்பெயர் இட்டார் ஆசிரியர்.

ஸ்டால் வானியல் அறிஞர். ஆராய்ச்சிக்குரிய பணம் தீர்ந்துபோகவே, கலிபோர்னியாவிலுள்ள லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தின் கணினிப் பிரிவிற்கு மாற்றப்பட்டார். 1986 ஆகஸ்டில் அவருக்கு இடப்பட்ட முதற்பணி, கணினிப் பயன்பாட்டுக் கணக்கில் கண்ட 75 காசு வேறுபாட்டிற்குக் காரணம் காண்பது. முக்கால் டாலர்! யார் வேண்டுமானாலும் தம் பையிலிருந்து எடுத்துப் போட்டுக் கணக்கை நேர் செய்திருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. முகவரி இல்லாத ஒருவன் ஒன்பது விநாடி நேரம் கணினியைப் பயன்படுத்திவிட்டுப் பணம் செலுத்தாது போனதே அவ்வேறுபாடு என்று கண்டார். அவ்விழையைப் பற்றிக்கொண்டு செல்லச் செல்ல, அவன் அவ்வாய்வகத்தின் வழியே படைத்துறைக் கணினிகள் பலவற்றுள் நுழைய முயல்வது தெரிந்தது. அரசின் புலனாய்வுத் துறையினரோ, இழப்பு முக்கால் டாலர்தானே என்று முதலிற் பொருட்படுத்தவில்லை.

ஸ்டால் ஒரு வார இறுதியில் அலுவலகத்தில் யாரும் இல்லாத வேளை பார்த்து, அங்கிருந்த அச்சுப் பொறிகளைத் திரட்டிவந்து தொலைபேசிக் கம்பிகளோடு இணைத்தார். கள்வன் விரல் வைத்த ஒவ்வோர் எழுத்தும் தாளில் பதிந்தது. மேசைக்கு அடியில் படுத்துறங்கினார். வானியலார் விண்மீனைக் கண்டதும் நேரமும் இடமும் குறிப்பேட்டில் எழுதுவதுபோல், கள்வன் வந்த நேரம், சென்ற நேரம், தேடிய சொல் ஆகியவற்றைத் தம் குறிப்பேட்டில் எழுதி வந்தார். அனுப்பிய செய்திக்கு விடை வரும் காலத்தை அளந்து, அவன் கடல் கடந்த தொலைவிலிருந்து வருகிறான் என்று கணித்தார். பின்னர், அவனை நெடுநேரம் நிறுத்தி வைத்து வழியைத் தேடும்பொருட்டு, படைத்துறை மறைபொருள் போலத் தோன்றும் பொய்க் கோப்புகளைத் தாமே எழுதிக் கணினியில் வைத்தார். மீன் தூண்டிலைக் கவ்விற்று. அவன் மேற்கு ஜெர்மனியின் ஹனோவர் நகரத்தான் என்பதும், களவாடியவற்றைச் சோவியத்து உளவுத் துறைக்கு விற்றான் என்பதும் வெளிப்பட்டன. வழக்கு 1990-இல் நடைபெற்றபோது, 75 காசுக்குக் கணக்குக் காணப் பணிக்கப்பட்ட அவ்வானியலார், ஜெர்மானிய நீதிமன்றத்தில் சான்று கூறுவதற்காகக் கடல் கடந்து சென்றார்.